யாரும் போடாத கோடு: பழைய பைபிள் மரச்செதுக்குப் படங்களைப் பார்க்க ஓர் அறிமுகம்

ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் 1498இல் வெளியிட்ட ஒரு படம். நான்கு குதிரைவீரர்கள் இடமிருந்து வலமாகப் பாய்ந்து வருகிறார்கள். ஒருவன் கையில் வில், அடுத்தவன் கையில் வாள், மூன்றாமவன் கையில் தராசு. நான்காவதாக, எலும்பும் தோலுமான குதிரைமேல் சாவு. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் (கத்தோலிக்கர்கள் திருவெளிப்பாடு என்பார்கள்) ஆறாம் அதிகாரத்துக் காட்சி இது. முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் குதிரைகளைவிட அவற்றின் பின்னால் இருந்த வானம்தான் உறுத்தியது. கோடு போட்ட நோட்டு மாதிரி அது வரிவரியாக இருந்தது. வானத்தில் ஏது கோடு?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் 15, 16ஆம் நூற்றாண்டு மரச்செதுக்குப் படங்களில் பாதி புரிந்துவிடும். ஆனால் முதலில் அந்தக் கோடு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

சின்ன வயதில் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, மையில் தொட்டுத் தாளில் குத்தியிருப்பீர்கள். காயின் சதை எங்கே தாளைத் தொடுகிறதோ அங்கே மை விழும். ஓட்டை இருக்கும் இடம் வெள்ளையாக நிற்கும். மரச்செதுக்கும் இதே கதைதான். பேரிமரம் போன்ற, நெருக்கமான இழை உள்ள பலகையை இழைத்து வழவழப்பாக்கி, அதன்மேல் ஓவியர் படத்தை வரைவார். அப்புறம் கோடு இல்லாத இடத்தையெல்லாம் கத்தியாலும் உளியாலும் தோண்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சி நிற்பது கோடு. மேடாக நிற்கும் அந்தக் கோட்டில் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம் வரும், இடவலம் மாறி. தாளில் வலப்பக்கம் பாயும் டியூரரின் குதிரைகள் கட்டையில் இடப்பக்கம்தான் பாய்ந்திருக்கும்.

ஆக, அச்சான படத்தில் நாம் பார்க்கும் கோடு, பேனாக் கோடு மாதிரி ஒரே இழுப்பில் வந்தது இல்லை. அதன் இரண்டு பக்கமும் மரத்தை அகற்றியதால் தப்பிப் பிழைத்து நிற்கும் மெல்லிய வரப்பு அது. ஓவியர் ஒரு நொடியில் இழுத்த கோட்டுக்குச் செதுக்குபவர் குறைந்தது நான்கு வெட்டு போட வேண்டும்: கோட்டை ஒட்டி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பிறகு எதிர்ச்சரிவில் பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு, நடுவில் இருக்கும் சிம்பை நெம்பி எடுக்க. கத்தியைச் செங்குத்தாகப் பிடிக்கக் கூடாது, சாய்த்துப் பிடிக்க வேண்டும். வயல் வரப்பு போல அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருந்தால்தான் அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் கோடு ஒடியாமல் நிற்கும். பெரும்பாலும் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் வேறொருவர். நியூரம்பெர்க் போன்ற நகரங்களில் செதுக்குவது தனித் தொழிலாகவே இருந்தது. டியூரரின் பிற்காலக் கட்டைகள் பலவற்றைச் செதுக்கியவர் ஹிரோனிமஸ் ஆண்ட்ரே. படத்தின் மூலையில் இருக்கும் முத்திரை என்னவோ டியூரருடையது.

வீட்டில் பழைய ரப்பர் ஒன்று இருந்தால் ஒரு பிளேடை வைத்து முயன்று பாருங்கள். நான் முயன்றேன். ஒரே ஒரு வளைந்த கோட்டை மேடாக விடுவதற்குள் அது இரண்டு இடத்தில் அறுந்துபோயிற்று. இத்தனைக்கும் ரப்பருக்கு இழை கிடையாது. மரத்துக்கு உண்டு, இழைக்குக் குறுக்கே போகும் கோடு எந்த நேரத்திலும் பிய்ந்துகொள்ளும்.

இங்கே ஒரு கணக்கு. பத்துக் கோடுகளைப் பக்கம் பக்கமாக நிறுத்துவது பெரிய வேலையில்லை, நீளநீளமாக வெட்டிக்கொண்டே போகலாம். ஆனால் அந்தப் பத்தின் குறுக்கே இன்னொரு பத்துக் கோடு ஓட வேண்டும் என்றால்? கோடுகளுக்கு நடுவே 81 குட்டிக் கட்டங்கள் உருவாகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு பக்கம். ஆக 324 வெட்டு, அதுவும் எந்தக் கோட்டையும் தொடாமல். கட்டைவிரல் நகம் அளவுள்ள நிழலுக்கு இந்தப் பாடு. பேனாவில் வரைபவருக்கும் செம்புத் தகட்டில் கீறுபவருக்கும் குறுக்குக்கோடு மிகச் சுலபம். ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு, அவ்வளவுதான். மரத்தில் அது தண்டனை. அதனால்தான் பழைய மரச்செதுக்குகளில் நிழல் வேண்டிய இடத்தில் பெரும்பாலும் குறுக்குக்கோடு இருக்காது, இணைகோடுகள்தான் இருக்கும். எங்காவது குறுக்குக்கோடு வலைபோல விரிந்திருந்தால், செதுக்கியவர் தன் கைவரிசையைக் காட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கஷ்டமென்றால் பைபிள் அச்சிட்டவர்கள் ஏன் மரத்தையே பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்? காரணம் அச்சகத்தில் இருக்கிறது. ஈய எழுத்தும் மேடுதான், மரக்கட்டையும் மேடுதான். கட்டையின் உயரத்தை எழுத்தின் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டால் இரண்டையும் ஒரே சட்டத்தில் முடுக்கி, ஒரே மை, ஒரே அழுத்தத்தில் அச்சிட்டுவிடலாம். செம்புத் தகட்டில் மை பள்ளத்தில் நிற்கும். அதற்குத் தனி உருளை இயந்திரம் வேண்டும், அதே தாளை இரண்டாம் முறை ஓட்ட வேண்டும். நம் ஊர் லெட்டர்பிரஸ் கடைகளில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் 'பிளாக்'கை எழுத்துகளோடு சேர்த்து முடுக்கியதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

தொடக்க காலத்தில் கோட்டுக்கு ஒரே வேலை, வேலி போடுவது. 1478 வாக்கில் கொலோன் நகரில் அச்சான ஜெர்மன் பைபிளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. நியூரம்பெர்க்கின் பெரிய அச்சு அதிபர் அன்டன் கோபெர்கர் அதே கட்டைகளை வைத்து 1483இல் தன் பைபிளை அச்சிட்டார். அந்தப் படங்களில் ஆளைச் சுற்றி ஒரு தடித்த கோடு, அங்கி மடிப்புக்கு நான்கைந்து கோடு, தரையில் கொஞ்சம் சிறு கீற்று, மற்றதெல்லாம் வெள்ளை. ஏதோ குறைவிட்ட மாதிரி தெரியும். வாங்கியவர்கள் பலர் அதற்குக் கையால் வண்ணம் தீட்டிக்கொண்டார்கள் என்று தெரிந்தால் அந்த வெள்ளை புரிந்துவிடும். சிவப்பு இங்கே, நீலம் அங்கே, தாண்டிப் போகாதே என்று சொல்லும் எல்லைக்கோடுகள் அவை. பிள்ளைகளின் வண்ணம் தீட்டும் புத்தகத்தில் இருப்பதும் இதே கோடுதான்.

கட்டை விலையுயர்ந்த சொத்து என்பதையும் மறக்கக் கூடாது. கோபெர்கர் 1493இல் அச்சிட்ட நியூரம்பெர்க் வரலாற்று நூல், ஆதியாகமத்தின் படைப்புக் கதையில் தொடங்குகிறது. அதில் 1,800க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு, ஆனால் கட்டைகள் 650கூட இல்லை. ஒரே முகம் பல பேருக்கு! அந்த நூலுக்குப் படம் போட்டது மிக்கேல் வோல்கெமுட், வில்ஹெல்ம் பிளைடன்வுர்ஃப் ஆகியோரின் பட்டறை. வோல்கெமுட்டிடம் தொழில் கற்ற பையன்களில் ஒருவர் டியூரர். கோபெர்கர் அவருக்கு ஞானத்தந்தை. அதாவது மரம், மை, அச்சு என்ற சூழலிலேயே வளர்ந்தவர்.

அவர் 27 வயதில் வெளிப்படுத்தின விசேஷத்துக்கென 15 பெரிய படங்கள் செய்து, லத்தீனிலும் ஜெர்மனிலும் தானே புத்தகமாக வெளியிட்டார். ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 39 சென்டிமீட்டர் உயரம், 28 சென்டிமீட்டர் அகலம். படம் ஒரு முழுப் பக்கம், வசனம் அதன் பின்பக்கம். இந்தப் படங்களில் கோட்டின் வேலையே மாறிவிடுகிறது.

முதல் மாற்றம் கோட்டின் உடம்பில். கொலோன் படங்களில் கோடு தொடக்கம் முதல் முடிவுவரை ஏறக்குறைய ஒரே தடிமன், கம்பி மாதிரி. டியூரரின் கோடு மெல்லத் தொடங்கி, நடுவில் பருத்து, முனையில் ஊசியாக முடிகிறது. செம்புத் தகட்டில் கீறும்போது உளியை அழுத்தினால் கோடு பருக்கும், தளர்த்தினால் மெலியும். தகட்டு வேலையும் தெரிந்த டியூரர் அந்தக் குணத்தை மரத்துக்குக் கொண்டுவந்தார். மரத்தில் அது தானாக வராது. பருப்பதையும் மெலிவதையும் திட்டமிட்டு இரண்டு பக்கமும் செதுக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒரு கோடு தொடையின்மேல் வளைந்து போனால், தனியாக நிழல் போடாமலே தொடை உருண்டு திரண்டு தெரியும்.

இப்போது அந்த வரிபோட்ட வானத்துக்கு வருவோம். மை ஒரே கருப்பு, தாள் ஒரே வெள்ளை. சாம்பல் நிறம் என்று ஒன்று மரச்செதுக்கில் இல்லவே இல்லை. ஆனால் கருப்புக் கோட்டையும் வெள்ளை இடைவெளியையும் மாற்றி மாற்றி நெருக்கமாக வைத்தால், கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் கண் அதைச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். டியூரர் வானத்தை அப்படிச் சாம்பலாக்கிவிட்டார். அதனால் என்ன ஆயிற்று? அதுவரை வெறும் 'ஒன்றும் அச்சாகாத இடமாக' இருந்த வெள்ளைத்தாள் திடீரென்று வெளிச்சமாகிவிட்டது. தராசுக்காரனின் தோள், குதிரையின் கழுத்து, மேகத்தின் விளிம்பு எல்லாம் பளிச்சென்று எழுந்து நிற்கின்றன. அதே தாள்தான், பக்கத்தில் சாம்பல் வந்ததும் மின்னுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. கோடுகள் படுக்கையாக ஓடுகின்றன, குதிரைகளும் அதே திசையில் ஓடுகின்றன. ரயில் ஜன்னலில் பார்த்தால் வெளியே இருப்பதெல்லாம் படுக்கைக் கோடாக இழுபடுமே, அந்த வேகம் 1498லேயே வானத்தில் இருக்கிறது. கீழே மிதிபடுகிறவர்களின் கோடுகளோ கோணல்மாணலாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. இடது கீழ்மூலையில் நரகத்தின் வாய் ஒருவனை விழுங்குகிறது. படத்தைச் சில நாள் விட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள், அந்த மூலை அப்போதுதான் கண்ணில் படும்.

பைபிள் காட்சிகளுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு: கண்ணால் பார்க்க முடியாததை வரைய வேண்டும். வெளிப்படுத்தின விசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில், இந்தக் காட்சிகளைக் காணும் யோவானுக்கு ஒரு தூதன் தெரிகிறான்; மேகம் அவனைச் சூழ்ந்திருக்கிறது, முகம் சூரியனைப் போல, கால்கள் அக்கினிஸ்தம்பங்களைப் போல. வண்ண ஓவியர் என்றால் பொன்னையும் சிவப்பையும் பூசிச் சமாளிப்பார். டியூரரிடம் இருப்பது கோடு மட்டும். அவர் 'போல' என்ற சொல்லையே எடுத்துவிட்டார். முகம் நிஜமாகவே கதிர்விடும் சூரியன். நேர்க்கோடுகள் சுற்றிலும் தெறிக்கின்றன. உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் சுருள்சுருளாக மேகம். அதற்குக் கீழே இரண்டு கல்தூண்கள், தூணின் அடியில் நாக்கு நாக்காகத் தீ. நேர்க்கோடு என்றால் ஒளி, சுருள் என்றால் மேகம், கீழே அகன்று மேலே கூராகும் வளைவு என்றால் தீ. பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். தூண்களுக்கு மேல் ஒரு மேகமூட்டை! ஆனால் இந்த மூன்று வகைக் கோடும் யாரும் சொல்லித்தராமல் நமக்குப் புரிந்துவிடுகின்றனவே, அதைக் கவனியுங்கள்.

டியூரர் இறந்த 1528ஆம் ஆண்டில் வெளியான ஒரு நூலில் அறிஞர் எராஸ்மஸ் இதையேதான் வியக்கிறார். பழங்காலக் கிரேக்க ஓவியரான அப்பெல்லஸுக்கு வண்ணத்தின் துணை இருந்தது; டியூரரோ கருங்கோடுகளை வைத்தே நிழல், ஒளி, தீ, மின்னல் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார், அவற்றின்மேல் வண்ணம் பூசினால் கெடுத்த மாதிரி ஆகும் என்பது அவர் கருத்து. கொலோன் பைபிளின் வெள்ளையோடு இதை வைத்துப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளில் வண்ணம், படத்துக்குத் தேவை என்ற நிலையிலிருந்து படத்தைக் கெடுப்பது என்ற நிலைக்கு வந்துவிட்டது.

டியூரரின் இன்னொரு தொகுதி கன்னி மரியாளின் வாழ்க்கை. மார்கன்டோனியோ ராய்மோண்டி என்ற இத்தாலியர் அதிலிருந்த படங்களைச் செம்புத் தகட்டில் நகலெடுத்து, டியூரரின் முத்திரையையும் போட்டு விற்றார். நுணுக்கமான கோடுகளைச் சுலபமாகக் கீறக்கூடிய தகட்டில், மரத்தின் தடித்த கோட்டைப் பார்த்துப் பார்த்து அவர் வரைந்திருக்கிறார். அந்தக் கோட்டுக்கே அப்போது சந்தையில் அவ்வளவு மதிப்பு.

1522 செப்டம்பரில், போப்பாண்டவரை எதிர்த்துக் கிளம்பிய மார்ட்டின் லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு விட்டன்பெர்க் நகரில் வெளியானது. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு மட்டும் 21 முழுப்பக்கப் படங்கள். ஓவியர் லூக்காஸ் கிரனாக்கின் பட்டறை செய்தவை. டியூரரைப் பார்த்துச் செய்தது அப்பட்டமாகத் தெரியும், கோடு மட்டும் எளிமையானது, அவசர வேலை. கலையாகப் பார்த்தால் எனக்கு இவை ஒரு படி கீழேதான். ஆனால் இங்கே ஒரு சுவையான விஷயம் நடந்தது. அந்தப் புத்தகத்தில் தீமையின் உருவமாக வரும் பாபிலோன் வேசியின் தலையில் கிரனாக் மூன்றடுக்குக் கிரீடம் வைத்திருந்தார். அது போப்பாண்டவரின் கிரீடம். பார்த்தவர் யாருக்கும் குறிப்பு புரிந்துவிடும். எதிர்ப்பு கிளம்பியது. அதே டிசம்பரில் வந்த அடுத்த பதிப்பில் மேலடுக்குகளைக் காணோம், சாதாரண கிரீடம்தான் இருக்கிறது. கட்டையில் அந்தப் பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மரச்செதுக்கில் ஒரு கோட்டை நீக்குவது சில நிமிட வேலை. தவறிப்போன ஒரு கோட்டைச் சேர்ப்பது என்றால் கட்டையில் துளையிட்டு, புது மரத்துண்டை ஆப்பாக அடித்து, இழைத்து, மறுபடி செதுக்க வேண்டும்.

என் விருப்பம் எது என்று கேட்டால் டியூரர் இல்லை, ஹான்ஸ் ஹோல்பைன் என்ற இன்னொரு ஜெர்மானிய ஓவியர். அவருடைய பழைய ஏற்பாட்டுப் படங்கள் 1538இல் பிரான்ஸின் லியோன் நகரில் நூலாக வந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும், ஏறக்குறைய ஆறுக்கு ஒன்பது சென்டிமீட்டர். இவற்றில் பலவற்றைச் செதுக்கியதாகக் கருதப்படும் ஹான்ஸ் லூட்ஸல்பர்கர் நூல் வெளிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1526இல், இறந்துவிட்டார். டியூரர் பக்கம் முழுக்கக் கோட்டால் நிரப்பினால், ஹோல்பைன் முடிந்த மட்டும் விட்டுவிடுகிறார். கண்ணுக்கு ஒரு புள்ளி, வாய்க்கு ஒரு கீற்று. அந்த முகத்தில் களைப்பு தெரிகிறது. நிழலுக்கு ஒரே திசையில் சில இணைகோடுகள். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் அந்தக் கீற்றின் இரண்டு பக்கமும் ஒருவர் கத்தியை விட்டு எடுத்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்குக் கை கூசுகிறது.

இதற்கு நேர் எதிர், வெனிஸில் ஓவியர் டிஷியன் வடிவமைத்த செங்கடல் படம். யாத்திராகமக் கதை: மோசே கோலை நீட்ட, கடல் திரும்பிவந்து பார்வோனின் சேனையை மூடுகிறது. 12 கட்டைகளில் தனித்தனியாக அச்சிட்டு ஒட்டினால் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரமும் 2.2 மீட்டர் அகலமும் வரும். ஒரு சுவருக்கே போதும். நமக்குக் கிடைத்திருப்பது 1549இல் வெளியான பதிப்பு. இதில் கோடு பேனாவால் கிறுக்கியது போலத் தாராளமாக ஓடுகிறது. அலைக்கு நீண்ட, நெளியும், பருத்த கோடுகள். அதே நெளிவு குதிரைகளின் பிடரியிலும் மூழ்குகிறவர்களின் முதுகிலும் தொடர்கிறது. எது தண்ணீர், எது ஆள் என்று பிரிக்க முடியவில்லை. வேலி போடத் தொடங்கிய கோடு இங்கே வேலியைக் கரைத்துவிட்டது. கரையில் ஒரு நாய் கவலையில்லாமல் மலம் கழித்துக்கொண்டிருக்கிறது. டிஷியனுக்கு என்ன தோன்றியதோ!

சரி, நீங்களே பார்க்கத் தொடங்குவது எப்படி? பெரிய அருங்காட்சியகங்கள் பல இப்படங்களை நல்ல தரத்தில் இணையத்தில் வைத்திருக்கின்றன. முதலில் முழுப் படத்தையும் சின்னதாக வைத்துப் பாருங்கள், எது வெளிச்சம், எது சாம்பல் என்று தெரியும். பிறகு பெரிதாக்கிக்கொண்டே போங்கள். சாம்பல் கலைந்து கோடாகும். கோடு எங்கே பருக்கிறது, எங்கே முடிகிறது, எங்கே குறுக்குக்கோட்டுக்கு வேலை செலவழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கடைசியாகப் படத்தைச் சுற்றியிருக்கும் சட்டக்கோட்டுக்குப் போங்கள். ஓரத்தில் தனியாக நிற்பதால் முதலில் அடிபடுவது அதுதான். சட்டக்கோடு அங்கங்கே விட்டுப்போயிருந்தால், அது கட்டை தேய்ந்த பிறகு எடுத்த அச்சு. கருப்புக்கு நடுவே வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால், அது மரத்தைப் புழு துளைத்த இடம். இப்படி உடைவுகளையும் துளைகளையும் எண்ணித்தான், ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் எது முந்தையது என்று வல்லுநர்கள் வரிசைப்படுத்துகிறார்கள்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் டியூரரின் இன்னொரு பைபிள் படம் இருக்கிறது. நியாயாதிபதிகள் 14ஆம் அதிகாரம். சிம்சோன் சிங்கத்தின்மேல் ஏறி அதன் வாயைப் பிளக்கிறான். அச்சும் அங்கே உண்டு, அதை அச்சிட்ட பேரிமரக் கட்டையும் உண்டு, 500 ஆண்டு தாண்டி. இரண்டின் படங்களையும் திறந்து, கட்டையை மட்டும் இடவலம் திருப்பிப் பக்கத்தில் வையுங்கள். சிங்கத்தின் பிடரியில் ஏதாவது ஒரு மயிர்ச்சுருளைத் தேர்ந்தெடுத்து இரண்டிலும் தேடிப் பிடியுங்கள். தாளில் அது ஒரு கருங்கோடு. கட்டையில் அது இன்னும் மேடாக நிற்கிறது.